வால் பக்கத்து இரண்டு சீட்டு

நிலையத்தின் தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் வட்டங்களை ஒருவழியாகச் சுரண்டி எடுத்துவிட்டார்களாம். செல்வம் போன் செய்து சொன்னான். அவன் பனமரத்துப்பட்டிக்காரன். சேலத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்ன விமான நிலையத்தில் என்னோடு பெட்டி ஏற்றி இறக்கியவன். நான் ஓய்வு பெற்று வீட்டோடு வந்துவிட்டேன். அவன் இன்னும் வேலையில் இருக்கிறான்.

"வட்டம் போயிருச்சுங்கண்ணா, பிசுக்குப் போவ மாட்டீங்குது. தேச்சுத் தேச்சுப் பாத்தாச்சு. ஒட்டுனப்ப இத்தன கெட்டியா ஒட்டோணும்னு எவன் சொன்னான்?"

"நீதான்டா ஒட்டுனே."

"அதாங்கண்ணா எனக்கே கோவமா வருது."

சிரித்துவிட்டு வேறொன்று கேட்டான். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், அந்த நோய்க் காலத்தில் விமானத்துக்குள் ஆட்களை இடைவெளி விட்டு உட்கார வைத்தீர்களா இல்லையா, வெளியே வட்டம் போட்டுவிட்டு உள்ளே நெருக்கி உட்கார வைத்தீர்களாமே என்று அவனைக் கிண்டல் செய்கிறார்களாம். "நான் என்னங்கண்ணா சொல்லட்டும்? எடம் உட்டமா, உடலையா?"

போனில் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன். நான் எழுதுகிற ஆள் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியவன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் அர்த்தநாரி. ஊர் புதுச்சத்திரம். திருச்செங்கோட்டு மலைமேல் இருக்கிற சாமியின் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள். வயசுக் காலத்தில் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் மரம் இழைத்தேன். தூசி நெஞ்சில் ஏறி இருமல் வந்ததும் என் மனைவி மரகதத்தின் அண்ணன் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய் விமான நிலைய ஒப்பந்தக்காரரிடம் சேர்த்துவிட்டார். முதலில் பெட்டி தூக்கினேன். பிறகு நடக்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போகிற வேலை கொடுத்தார்கள். அதிலேயே தலை நரைத்தது. எங்கள் பக்கம் விமானம் விட ஆரம்பித்தபோது, சொந்த ஊருக்குப் பக்கம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். சின்ன நிலையம் என்பதால் நாற்காலி தள்ளுவதும் பெட்டி ஏற்றுவதும் ஒரே ஆட்கள்தான்.

ஆளைத் தூக்குவதை எல்லாரும் பலம் என்று நினைக்கிறார்கள். முதலில் அது கேட்கிற வேலை. "உங்களைத் தொடப் போறேனுங்க" என்று சொல்லாமல் ஒருவர் மேல் கை வைக்கக் கூடாது. எந்தக் கால் ஊன்றும், எந்தத் தோள் வலிக்கும் என்று கேட்க வேண்டும். நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு, போட்டோமா என்று இன்னொரு தடவை காலால் அழுத்திப் பார்க்க வேண்டும். எங்கள் நிலையத்துக்கு வந்தது விசிறி வைத்த சின்ன விமானம். வால் பக்கத்துக் கதவு வழியாகக் குறுகலான படியில் ஏற வேண்டும். சக்கர நாற்காலி அதில் போகாது. ஒடுக்கமான தூக்கு நாற்காலியில் மாற்றி, மார்பிலும் முழங்காலிலும் வார் போட்டு, ஒருவன் மேலே பின்பக்கமாக ஏற, ஒருவன் கீழே இருந்து தாங்குவான். கீழே இருப்பவன் முகமும் உட்கார்ந்திருப்பவர் முகமும் ஒரு சாண் இடைவெளியில் இருக்கும். எப்போதும் நான் கீழே. படிக்குப் படி "ஆஞ்சநேயா" என்று சொல்லித்தான் ஏற்றுவேன். ஒரு தடவை ஒரு பாய் பெரியவர், "நீங்க உங்க சாமியக் கூப்பிடுங்க, நான் என் சாமியக் கூப்பிடறேன், ரெண்டு பேரும் சேந்து தூக்கட்டும்" என்றார். அன்றைக்கு அவர் கனமே தெரியவில்லை.

எங்கள் நிலையத்துக்கு மேலாளராக இருந்தவர் வசந்தி மேடம். மதுரைக்காரர். எங்களைக்கூட சார் போட்டுத்தான் கூப்பிடுவார். முதல் நாள் "அர்த்தநாரி சார்" என்று அவர் கூப்பிட்டபோது, எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். சத்தம் போட மாட்டார். ஏதாவது தவறாகிவிட்டால் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றுவிட்டு, "சரி, இப்ப என்ன செய்யலாம்?" என்பார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும். விமானம் வருவதற்கு முன்னால் அது வந்து நிற்கும் இடம் முழுக்கத் தானே நடந்து குனிந்து குனிந்து கல் பொறுக்குவார். கிளம்பிப் போகும்போது அது ஓடுபாதை முனையில் திரும்பி மறைகிறவரை கையை உயர்த்திக்கொண்டு நிற்பார். ஓடுகிற விமானத்துக்கு அவர் முதுகு காட்டி நான் பார்த்ததில்லை.

சமநிலை என்றால் என்ன என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். மேசைமேல் ஒரு பேனாவைக் கிடத்தி, அதன்மேல் இரும்பு ஸ்கேலை வைத்து, இரண்டு பக்கமும் புளிப்பு மிட்டாய் வைத்துக் காட்டினார். "இந்த விமானம் வால் கனம், சார். அதனாலதான் ஆள் ஏறுறதுக்கு முன்னாடி வாலுக்குக் கீழே முட்டுக் கம்பி வைக்கிறோம். பின்னாடி கூட்டம் சேர்ந்தா மூக்குத் தூக்கிக்கும்." அதனால்தான் பயணிகள் குறைவாக இருக்கும் நாளில் அவர்களை முன்பக்கமும் நடுவிலுமாக உட்கார வைப்பார்கள். பின் வரிசைகள் காலியாகப் போகும். நல்ல காலத்தில் இதை யாரும் கவனிக்கவில்லை.

பிறகு அந்த நோய் வந்தது. விமானமே நின்றது. ஓடுபாதையோரம் புல் முளைத்து, மயில்கள் கூசாமல் நடந்தன. கோயில் நடை சாத்தியதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். நாமக்கல் ஆஞ்சநேயர் கூரை இல்லாமல் வெட்டவெளியில் நிற்கிறவர். மனுஷன் வராத நாளிலும் வெயிலும் மழையும் அவரைப் பார்க்க வரும் என்று மரகதம் சொல்லி என்னைத் தேற்றுவாள். விமானம் திரும்ப ஓடத் தொடங்கியதும் அவளே வாசலில் மஞ்சள் தண்ணீர் வாளியும் மாற்று வேட்டியும் வைத்தாள். வெளி அறையில் எனக்குத் தனிப் பாய். பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்தால் அந்தப் பக்கம் போய்விடுவார். ஆகாசத்தில் வருகிறவர்களைத் தொட்டுத் தூக்குகிறவன் அல்லவா நான்! அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வீட்டில் கைக்குழந்தை இருந்தது.

இடைவெளி விட வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு வந்தது. நானும் செல்வமும் மஞ்சள் வட்டங்களை ஒட்டினோம். காத்திருக்கும் கூடத்தில் ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் பெருக்கல் குறி போட்டு டேப் ஒட்டினோம். பஸ்ஸில் அப்படித்தான் செய்திருந்தார்கள், பார்த்திருந்தோம். திருப்தியாக இருந்தது.

முதல் விமானத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்ததும்தான் நாங்கள் செய்த தப்பு தெரிந்தது. ஒரே வீட்டிலிருந்து ஒரே காரில் ஒட்டிக்கொண்டு வந்தவர்கள் எங்கள் குறிக்குப் பயந்து தனித்தனியாக உட்கார்ந்தார்கள். பேசாமல் இருப்பார்களா? "ஏனுங்க, கேஸ நிறுத்துனீங்களா?" என்று ஒரு அம்மாள் இந்தக் கோடியிலிருந்து கேட்க, அந்தக் கோடியில் இருந்த வீட்டுக்காரர் காது கேட்காமல், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு, "என்ன சொல்றே?" என்று கத்தினார். அவரைப் பார்த்து இன்னொருவர் இறக்கினார். கூடம் முழுக்கச் சந்தை மாதிரி ஆகிவிட்டது. எங்கள் இடைவெளியைத் தாண்டி எல்லார் எச்சிலும் பறந்தது.

வசந்தி மேடம் கூடத்துக்கு நடுவில் வந்து நின்றார். "சரி, இப்ப என்ன செய்யலாம்?"

"எல்லாத்தயும் ஊமையாக்கிப் போடலாமுங்க மேடம்" என்றான் செல்வம்.

அவர் சிரிக்கவில்லை. டேப்பைப் பிய்க்கச் சொன்னார். ஒரு வீட்டார் சேர்ந்து உட்காரட்டும், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இடம் விடுங்கள் என்றார். மாற்றிப் போட்டோம். கூடம் அமைதியானது.

ஆனால் விமானத்துக்குள் எங்கள் டேப் செல்லாது. எங்கள் விமானத்தில் நடைவழிக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு சீட்டு. காலியாக விடுவதற்கு நடுச் சீட்டே கிடையாது. வந்திருந்த உத்தரவில் முடிந்தவரை இடம் விடவும் என்று இருந்தது. முடியுமா முடியாதா என்று பார்க்க வேண்டியது யார் என்று அதில் இல்லை. அதனால் யாரும் பார்க்கவில்லை. பாதி விமானம் காலியாக இருந்த நாட்களிலும் சமநிலைக்காக ஆட்கள் முன்பக்கம் தோளோடு தோள் உரசிக்கொண்டு போனார்கள்.

அப்படி ஒரு நாள்தான் ராசிபுரத்திலிருந்து அந்தத் தம்பதி வந்தார்கள்.

அவர் பெயர் ராமலிங்கம். தறி ஓட்டுகிற குடும்பம். முகமும் கால்களும் வீங்கியிருந்தன. முகக்கவசம், அதற்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு மறைப்பு, மேலே வெள்ளை அங்கி. கூட வந்த மனைவி சரோஜா அம்மாள் ஒரு கையில் பையும் ஒரு கையில் கிருமிநாசினிக் குப்பியுமாக, வழியில் தென்பட்ட எல்லாவற்றின் மேலும் தெளித்துக்கொண்டே வந்தார். என் மேலும் தெளித்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சாமி. இவிய உடம்புல இருக்கறது என்ற கிட்னி. இவிய பத்தரமா வெச்சுக்கறாங்களோ இல்லியோ, நாந்தான் பாத்துக்கோணும்."

அந்த அம்மாள் தன் சிறுநீரகங்களில் ஒன்றை அவருக்குக் கொடுத்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. இப்போது அது சரியாக வேலை செய்யவில்லை. அன்றைக்கே சென்னை ஆஸ்பத்திரியில் வந்து சேர்ந்துவிடுங்கள், இல்லையென்றால் அதைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் போனில் சொல்லியிருக்கிறார். காரில் அத்தனை நேரம் உட்கார்ந்து போக அவர் உடம்பு தாங்காது. சென்னையில் இருக்கும் மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறான். அதே டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். அந்தச் சிறுநீரகத்தை உடம்பு ஏற்றுக்கொள்ளக் கொடுக்கும் மாத்திரையால் நோயை எதிர்க்கும் சக்தி குறைந்திருக்கிறது, ஆள் மூச்சே படக் கூடாது என்று. இரண்டையும் ஒரே வாயால் சொல்லியிருக்கிறார் பாருங்கள்.

ஒரு பெண்ணின் உடம்பில் பாதி ஆணின் உடம்புக்குள் இருப்பதைக் கேட்டதும் என் மனசு திருச்செங்கோட்டு மலைமேல் போய் நின்றது. சாமி தள்ளுகிற மாதிரி நினைத்துக்கொண்டு நாற்காலியைத் தள்ளினேன்.

அந்த நாட்களில் நாற்காலிப் பயணிகளைக் கடைசியில் ஏற்றுவோம். மற்றவர்கள் அவர்களை இடித்துக்கொண்டு போக வேண்டாம் என்பதற்காக. படிக்குக் கீழே நிறுத்தியதும் ராமலிங்கம், "சரோஜா, மேல போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வா" என்றார். அந்த அம்மாள் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். முகம் மாறியிருந்தது.

"பின்னாடி பூரா காலியாக் கெடக்குது. சனமெல்லாம் முன்னாடியும் நடுவுலயும் அடச்சு வெச்சிருக்குது. நம்முளுக்கு அதுக்கு மத்தியில."

ராமலிங்கம் குனிந்து, நாற்காலியின் பிரேக்கைத் தன் கையாலேயே போட்டார்.

"நான் வரலீங்க" என்றார் என்னிடம். "ஊட்டுக்கே போயிக்கறேன்."

"என்னங்க சொல்றீங்க?"

"அத்தன பேரு மூச்சுக்கு நடுவுல போயி நான் செத்தா, அங்க ஆஸ்பத்திரில எனக்கு என்ன வேல? செத்தாலும் எங்க ஊட்டுல சாவறேன்."

சரோஜா அம்மாள் அழுவார் என்று நினைத்தேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "ஓஹோ. ஊட்டுல குந்த வெச்சு அழுக உடறதுக்குத்தான் என்ற வயித்தக் கிழிச்சுக் குடுத்தனா? அப்ப அதைய இங்கயே எடுத்து வெச்சுப் போட்டுப் போங்க."

"நீ சும்மா இரு."

"நான் என்னத்துக்குச் சும்மா இருக்கோணும்? பாதி ஒடம்பு என்றதாக்கும்."

இதற்குள் மேலே கதவருகில் இன்னொரு சத்தம். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் தங்கவேல் என்பவர், தன் மகளோடு பயணம் செய்தவர், பின் வரிசைக்கு எழுந்து வந்து நின்றுகொண்டிருந்தார். விமானப் பணிப்பெண் அவரைத் திரும்பப் போய் உட்காரச் சொன்னார்.

"எடம் காலியா இருக்குதுல்ல? உக்காந்தா என்ன?"

"சமநிலை சார். வால் கனமாகிடும்."

"ஏனுங்கம்மா, ஆயிரம் லாரிக்குப் பாடி கட்டுனவன் நானு. லோடு எங்க வெக்கோணும்னு எனக்கே பாடம் எடுக்கறீங்களா?"

வசந்தி மேடம் படியின் கீழ் வந்து நின்றார். மேலே தங்கவேல், கீழே பிரேக் போட்ட ராமலிங்கம். இரண்டு பேரும் கேட்டது ஒரே பொருள்தான், தள்ளி உட்கார ஒரு இடம். அவர் ஒரு நிமிஷம் பேசவில்லை. அந்த நிமிஷத்தில் நான் ஆஞ்சநேயரைக் கூப்பிட்டுவிட்டேன். தூக்குவதற்கு முன்னாலேயே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அர்த்தநாரி சார், பின் சரக்கு அறையில என்ன இருக்கு?"

"சேலை மூட்டைங்க மேடம். அப்புறம் ஆளுங்க பெட்டி."

"முன் அறையில?"

"பாதிக்கு மேல காலிங்க."

அவர் படியேறி விமானியிடம் போனார். இருவரும் ஒரு தாளை வைத்துக்கொண்டு பேசியது விமானி அறைக் கண்ணாடி வழியாகக் கீழேயிருந்து தெரிந்தது. இறங்கி வந்து சொன்னார்: பின் அறையில் இருப்பதையெல்லாம் முன் அறைக்கு மாற்றினால், வால் பக்கம் நாலு பேர் உட்காரலாம். விமானி ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் நேரம் ஆகும். விமானம் தாமதமாகும்.

எங்கள் நிலையத்தில் எங்களால் ஒரு விமானம் தாமதமானது என்று பெயர் வாங்கியதில்லை. மேடத்துக்கு அதில் எத்தனை பெருமை என்று எங்களுக்குத் தெரியும். புயலால் தாமதம், சென்னையில் தாமதம் என்று வரும். எங்களால் என்று வந்ததில்லை. போனை எடுத்துச் சென்னைக்குப் பேசினார். "தாமதம் எங்க பக்கம்தான் சார். நான்தான் பெட்டியை மாத்தச் சொன்னேன். ஆமா, என் பேரையே போட்டுக்கோங்க." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "அதை நான் பார்த்துக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

பிறகு விமானத்துக்குள் போய் எல்லார் முன்னாலும் நின்று விஷயத்தைச் சொன்னார். தூக்கு நாற்காலியை எடுக்கப் படியேறியிருந்த எனக்கு எல்லாம் கேட்டது. தங்கவேல் விடவில்லை.

"எனக்கு முடியாதுன்னீங்க. அவியளுக்கு மட்டும் எப்படிங்க முடியுது?"

"உங்களுக்கும் முடிஞ்சிருக்கும் சார்" என்றார் மேடம். "நீங்க கேட்டப்பவே பெட்டியை மாத்தலாமான்னு நான் யோசிச்சிருக்கணும். முடியாதுன்னு சொல்றது சுலபமா இருந்தது. நீங்க ஏன் கேட்டீங்க?"

அவர் குரல் இறங்கிவிட்டது. "பாப்பாவுக்கு வீசிங்குங்க. ராத்திரியெல்லாம் இழுக்கும்."

"அப்ப நீங்களும் பாப்பாவும் அவங்களுக்கு ரெண்டு வரிசை முன்னாடி, எதிர்ப் பக்கம்."

முன்னால் இருந்து ஒருவர் கேட்டார்: "அப்ப நாங்கெல்லாம் என்னுங்க, இரும்பா?"

"நீங்களும் எழுந்திருச்சு கொஞ்சம் மாறி உட்காரணும் சார். இவங்க விட்ட இடம் இருக்குல்ல. ஒரு வீட்டுக்காரங்க சேர்ந்து உட்காருங்க. தனியா வந்தவங்க தனியா."

முனகிக்கொண்டேதான் மாறினார்கள். நேரமாகிறது என்றார்கள், வெக்கை என்றார்கள். ஆனால் மாறினார்கள்.

கீழே நானும் செல்வமும் அந்தப் பிளாஸ்டிக் அங்கிக்குள் வெந்துகொண்டிருந்தோம். சேலை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வாலிலிருந்து மூக்குவரை நடப்பது, திரும்ப வருவது. வேர்வை கையுறைக்குள் குளம் கட்டியது. செல்வம் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்:

"ஏனுங்கண்ணா, அந்தப் பக்கம் ஒரு கிட்னி, இந்தப் பக்கம் இத்தன சேலை. என்ன தராசுங்கண்ணா இது?"

"பேசாம நட."

"அந்தம்மா கிட்னி நல்ல கனமுங்க."

நிழலில் இருந்த சரோஜா அம்மாளுக்கு அது கேட்டுவிட்டது. "ஏன் கனமா இருக்காது? ராயிக்களியும் கீரையும் தின்னு வளந்ததாக்கும்!" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். ராமலிங்கத்தின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று அப்புறம்தான் புரிந்தது. அவர் கை பிரேக்கிலிருந்து விலகியிருந்தது.

மேடம் அவர் எதிரே வந்து, ஆறடி தள்ளி நின்று சொன்னார். "கடைசி வரிசை உங்களுக்கும் அம்மாவுக்கும் மட்டும். முன்னாடி வரிசையில யாரும் இல்ல. பக்கத்துல யாரும் இல்ல. இதுக்கு மேல என்னால முடியாது சார். நீங்கதான் சொல்லணும்."

அவர் மனைவியைப் பார்த்தார். "போலாமா?"

"என்னையக் கேட்டா? அது அப்பவே போலாம்னு சொல்லிப்போடுச்சு" என்று அந்த அம்மாள் அவர் வயிற்றைக் காட்டினார்.

"உங்களைத் தொடப் போறேனுங்க" என்றேன். தலையாட்டினார். வார்களைப் போட்டோம். செல்வம் மேலே, நான் கீழே. முதல் படி ஏறியதும்தான் எனக்கு உறைத்தது. இத்தனை பேரை எழுப்பி, இத்தனை மூட்டையைச் சுமந்து, யார் மூச்சும் படாத இடம் அவருக்காகத் தயார் செய்திருக்கிறோம். அங்கே போய்ச் சேருகிறவரை அவர் முகத்துக்கு நேரே ஒரு சாணில் இருப்பது என் மூச்சு. சாமி பெயர் சொல்லக்கூட வாயைத் திறக்கவில்லை. மனசுக்குள் சொல்லிக்கொண்டு மூச்சை அடக்கினேன். இரண்டு படி. மூன்று படி. காது அடைத்தது. அவரைப் பார்த்தால், அவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கன்னம் உப்ப, மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார்.

பின்னால் ஏறி வந்த சரோஜா அம்மாள் எட்டிப் பார்த்தார். "அட ரெண்டு பேரும் மூச்ச உடுங்க சாமி! படியில மயங்கி உளுந்து, மூணு கிட்னியும் போயிரப் போவுது!"

மேலே சேர்ந்ததும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சு விட்டோம். சீட்டில் மாற்றி உட்கார வைத்தபோது ராமலிங்கம் சொன்னார். "நீங்க நாளெல்லாம் ஆளுகளத் தொடறவிய. என்ற ஒடம்புல என்ன இருக்குதோ, உங்களுக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னுதானுங்க அடக்குனேன்." எனக்காகத்தான் அடக்கியிருக்கிறார். அவர் பெல்ட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினேன்.

முட்டுக் கம்பியை எடுத்தோம். விமானம் போயிற்று. வசந்தி மேடம் வழக்கம்போலக் கையை உயர்த்திக்கொண்டு நின்றார். அந்தத் தாமதத்துக்காக மேலிடத்தில் அவரைக் கேள்வி கேட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். என்ன பதில் சொன்னார் என்று எங்களிடம் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பெட்டிகளை முதலிலேயே முன் அறையில் ஏற்றச் சொன்னார். டிக்கெட் கொடுக்கும் இடத்தில், உடம்புக்கு என்ன, யாரோடு வந்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்கச் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் விமானத்தில் வால் பக்கம் அப்படி யாராவது உட்கார்ந்து போவார்கள்.

செல்வம், நீ கேட்டதற்கு என் பதில் இதுதான். இடம் விட்டிருக்க வேண்டும். கட்டாயம் விட்டிருக்க வேண்டும். முடிந்தவரை என்று எழுதி, பயணிகளை ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுக்கொள்ள விட்டது சரியில்லை. விமானக் கம்பெனிதான் முன்னால் நின்று இடம் விட்டிருக்க வேண்டும். ஆனால் நாம் டேப் ஒட்டின மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு எல்லாருக்கும் ஒன்று விட்டு ஒன்று என்று இல்லை. அப்படிச் செய்தால், காலியாக விட்ட ஒவ்வொரு சீட்டுக்கும் ஒருவர் ஏற முடியாமல் கீழே நிற்பார். அவர் அப்பன் சாவுக்குப் போகிறவராக இருப்பார், அல்லது இன்னொரு ராமலிங்கமாக இருப்பார். யாருக்கு அதிகம் வேண்டுமோ அவரிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குக் கேட்க வேண்டும். கேட்டால் நேரமாகும், மூட்டை தூக்க வேண்டிவரும், யாராவது தன் பெயரில் தாமதத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவு செய்தால் முடியும். அன்றையிலிருந்து நாம் செய்தோம், அதனால் சொல்கிறேன். அதற்கு முன்னால் செய்யாத நாட்களும் இருந்தன. அதையும் அந்தப் பசங்களிடம் மறைக்காதே.

கொஞ்ச காலம் கழித்து ஒரு சென்னை விமானத்துக்கு நாற்காலி ஒன்று கேட்டிருந்தார்கள். படிக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினேன். கதவில் ராமலிங்கம் தெரிந்தார். வீக்கம் வடிந்து, ஆள் பாதியாக இருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகத் தானே இறங்கினார். நான் கையை நீட்டிக்கொண்டு ஓடினேன்.

"எனக்கு வேண்டாமுங்க, நடந்துக்குவேன். நாற்காலி அவளுக்கு."

பின்னால் சரோஜா அம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "ஆஸ்பத்திரில தரையில படுத்துப் படுத்து முட்டி போயிருச்சு சாமி. உள்ள இருக்கறது நல்லாருக்குது. வேல செய்யுதாம். வெளிய இருக்கறவதான் ஒடஞ்சு போயிட்டேன்."

உட்கார வைத்தேன். கைப்பிடியைப் பிடிக்கப் போனபோது ராமலிங்கத்தின் கை முன்னாலேயே அங்கே இருந்தது.

"நான் தள்ளறனுங்க."

பயணிகளைத் தள்ள விடக் கூடாது என்பது விதி. திரும்பி வசந்தி மேடத்தைப் பார்த்தேன். அவர் குனிந்து தரையில் இல்லாத கல் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பிரேக்க எடுத்துட்டுத் தள்ளுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் தள்ளினார். "மெதுவா, மெதுவா, பாத்து" என்று அந்த அம்மாள் அதட்டிக்கொண்டே போனார். விழுந்தால் பிடிக்க வேண்டுமே என்று பின்னாலேயே போனேன். ஆனால் வெயிலில் அவர்கள் இருவரும் அப்படிப் போவதைப் பார்த்தபோது, அவர்கள் பக்கத்தில் போக எனக்கு மனசு வரவில்லை. வாசல்வரை ஆறடி தள்ளியே நடந்தேன்.